ரேஸ் ஓட்ட கோடீஸ்வரனா இருக்கணுமா? கணக்கை மாற்றிய கோவை ‘கரி’

காஞ்சிபுரம் மாவட்டம்னா பட்டும் கோயில்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் ஒரு ரேஸ் டிராக் வந்தது. பெங்களூரு ஹைவேயில் போகிற பலரும் கவனிக்காமலே தாண்டிவிடும் இடம். அங்கே சாதாரண இளைஞர்களும் ஹெல்மெட் மாட்டி உட்கார முடிந்ததற்கு முக்கியக் காரணம், எஸ்.கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக ‘கரி’.

1954-இல் பிறந்தவர். கோவை லட்சுமி மில்ஸ் குடும்பம். அவருக்குப் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. மற்றவர்களுக்கு அதுதான் பிரச்சினை.

அப்போது ரேஸ் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில். கரியும் அங்கே ஓட்டியவர்தான். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதியில்லாதவர்களுக்கு மிச்சம் இருந்தவை ஃபியட்டும் அம்பாசடரும். அந்த எஞ்சினைப் பிரித்து ‘டியூன்’ பண்ணணும்.

டியூனிங்னா என்ன? ஒரு உதாரணம், ராக்கர் ஆர்ம். சின்ன ஏற்றப்பலகை (சீ-சா) மாதிரி. ஒரு முனையை கேம் தூக்கும். மறுமுனை வால்வை அமுக்கித் திறக்கும். பழைய எஞ்சின்களில் அந்த முனை வால்வின் தலையில் உரசிக்கொண்டே நகரும். அதற்குப் பதில் உருளை வைத்த ‘ரோலர் ராக்கர்’ போட்டால் உரசல் குறையும். விகிதத்தையும் கூட்டலாம்: கேம் 6 மி.மீ. தூக்கினால், 1.3 விகித ராக்கர் வால்வை 7.8 மி.மீ. திறக்கும், 1.5 விகிதம் என்றால் 9 மி.மீ. அதிகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும், பவர் ஏறும். ஆனா அதோட முடியாது. வால்வு ஸ்பிரிங்கை மாற்றணும், கார்புரேட்டரை மாற்றணும். கடைசியில் யார் அதிகம் செலவழித்தாரோ அவர் கார் முந்தும்.

கரி பிடித்த வழி வேறு. ஊரெல்லாம் ஓடிய மாருதி 800-இன் எஞ்சினை எடுத்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாத எஞ்சின். ரேஸ்னு சொன்னா சிரிப்பார்கள். ஆனால் உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். அதைச் சுற்றி ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்றை உள்ளூரிலேயே உருவாக்கினார்: ‘ஃபார்முலா மாருதி’, 1980-களின் கடைசியில். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்றானபோது, பர்ஸின் கனம் குறைந்து ஓட்டுபவரின் கை முக்கியமானது. எத்தனை குதிரைத்திறன் என்பதைவிட எத்தனை பேர் ஓட்ட முடிகிறது என்று பார்த்ததுதான் அவருடைய பெரிய சாதனை.

கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ரேஸிங்கைத் தொடங்கியது ஃபார்முலா மாருதியில், அந்த ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில்தான். சென்னையின் கருண் சந்தோக்கும் அதே கார் வழியே மேலே போனவர்.

காரோடு நிற்கவில்லை கரி; பறப்பதிலும் ஆசை. 1995 ஆகஸ்ட் 24 அன்று கோவைப் பகுதியில் சிறிய ரக விமானம் விழுந்து இறந்தார். வயது 41. நரேன், ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரானது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 2005-இல்.

கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த டிராக்குக்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர் வைத்தார்கள். சென்னைக்குக் கிளம்பாமலே உள்ளூர்ப் பசங்க ரேஸ் பழக ஓர் இடம்.