வெள்ளத்தில் பாய்ந்த குதிரை

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது கெடார். அந்தப் பக்கத்துத் தரை ஒரே மாதிரி இராது. ஓர் இடத்தில் பாறை. சற்றுத் தள்ளிப் போனால் செம்மண். ஏரி ஓரத்தில் களிமண். ஆற்றுப் பக்கம் மணல்.

கெடாருக்கு வடக்கே உள்ள செஞ்சிச் சீமையும் அப்படித்தான். இந்த மண்ணில்தான் குதிரை ஓட்டினான் ராஜா தேசிங்கு!

டில்லிக் குதிரை

தேசிங்கின் உண்மைப் பெயர் தேஜ் சிங். புந்தேலா ராஜபுத்திர வம்சத்தவன். அவன் தந்தை சுவரூப் சிங். செஞ்சிக் கோட்டையை மொகலாயப் படை 1698-ல் பிடித்தது. பிறகு அந்தக் கோட்டை சுவரூப் சிங்கின் கைக்கு வந்தது.

டில்லி பாதுஷாவிடம் ஒரு முரட்டுக் குதிரை இருந்ததாம். பெயர் பாராசாரி. யாரையும் முதுகில் ஏற விடாதாம். அதை அடக்கப் போன தந்தை தோற்றுச் சிறைப்பட்டான், மகன் போய் அடக்கினான், தந்தையையும் மீட்டான், குதிரையோடு ராணிபாய் என்ற பெண்ணையும் பரிசாகப் பெற்றான். கதைப்பாடல் இப்படிச் சொல்கிறது. இதற்குச் சரித்திரச் சான்று கிடையாது. ஆனால் கிராமத்துத் திண்ணைகளில் விடிய விடியக் கேட்கப்பட்ட கதை இது. 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்துப் படமாகவும் வந்தது.

தரை பார்த்துக் குதிரை

குதிரையை அடக்குவது ஒரு வித்தை. எந்தத் தரையில் அது எப்படி ஓடும் என்று கணிப்பது இன்னொரு வித்தை. இது கடினமானது.

நீளமாகக் கால் வீசி ஓடும் குதிரை, சமமான புல்தரையில் பறக்கும். அதையே சேற்றில் விட்டால் வழுக்கும். சேற்றுக்கு, முழங்காலை உயரத் தூக்கிக் குட்டை அடியாக வைக்கும் குதிரை வேண்டும். அகலமான குளம்பு இருந்தால் இன்னும் நல்லது, அதிகம் புதையாது. மணலில் ஓட, பின்னங்காலில் பலம் வேண்டும். பாறையில் ஒவ்வோர் அடியும் காலைத் தாக்கும். எலும்பும் நரம்பும் உறுதியாக இல்லாவிட்டால் இரண்டே நாளில் நொண்டும்.

பந்தயத் திடல்களில் இந்தக் காலத்தில் ஒரு கம்பியை மண்ணில் இறக்கித் தரையின் கெட்டித்தன்மையை அளக்கிறார்கள். அந்தக் காலத்தில் கருவி ஏது? குதிரைக்காரனின் கண்ணும் காதும்தான் கருவி. குளம்புச் சத்தத்தை வைத்தே தரை கெட்டியா, இளகலா என்று சொல்லிவிடுவான்.

எழுபது லட்சம்

1714-ல் சுவரூப் சிங் இறந்தான். தேசிங்கு வடக்கே புந்தேல்கண்டிலிருந்து செஞ்சிக்கு வந்து கோட்டையை ஏற்றான். அப்போது அவனுக்கு வயது 22-க்கு மேல் இராது.

ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியாக 70 லட்சம் ரூபாய் கேட்டான். பாதுஷா என் தந்தைக்குக் கொடுத்த கோட்டை இது, உனக்கு ஏன் கப்பம் என்று தேசிங்கு மறுத்தான். நவாப்பின் பெரும்படை கிளம்பியது. தேசிங்கிடம் இருந்ததோ சில நூறு குதிரைவீரர்கள்!

அவனுடைய உயிர்த் தோழன் மகபத் கான். கதைப்பாடலில் இவன்தான் மாவுத்துக்காரன். இவன் குதிரை நீலவேணி. கல்யாணப் பந்தலில் இருந்தவன், செய்தி கேட்டதும் மாலையைக் கழற்றிவிட்டு வந்தானாம்.

ஆற்றங்கரையில்

1714 அக்டோபர் 3. குறுக்கே சங்கராபரணி ஆறு. கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு அன்று கழுத்தளவு வெள்ளமாக ஓடியது.

அடி தெரியாத நீரில் இறங்கக் குதிரை தயங்கும். முதுகில் இருப்பவன் மேல் நம்பிக்கை இருந்தால்தான் இறங்கும். தேசிங்கின் குதிரை இறங்கியது! நீந்தி அக்கரை ஏறியது.

ஆனால் பின்னால் வந்த குதிரைகள்? அவற்றில் பல இக்கரையிலேயே நின்றுவிட்டன. கரை ஏறியவர்கள் கொஞ்சம் பேரே. தன் குதிரையைப் பற்றித் தேசிங்கு போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. மற்றக் குதிரைகளின் கணக்கை அவன் போடவில்லை என்றே தோன்றுகிறது. வெள்ளம் வடியும்வரை அவன் பொறுத்திருக்கலாம். இருபத்திரண்டு வயதுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

அக்கரையில் கடும் சண்டை. மகபத் கான் விழுந்தான். தேசிங்கு யானை மேலிருந்த எதிரித் தளபதியை நோக்கிப் பாய்ந்தான். அவன் குதிரையின் கால் நரம்பை வெட்டினார்கள். எத்தனையோ தரைகளைத் தாண்டிய கால்! குதிரை சாய்ந்தது. தரையில் நின்று போரிட்ட தேசிங்கைத் துப்பாக்கிக் குண்டு வீழ்த்தியது. கதைப்பாடலுக்கு மட்டும் இந்த முடிவு பிடிக்கவில்லை. வாளை வானில் எறிந்து, அதைத் தன் மார்பில் தாங்கி அவன் உயிர் விட்டதாகப் பாடுகிறது.

ராணிபாய் உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை என்பார்கள்.

செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரி அடிவாரத்தில் குதிரை லாயங்கள் இருக்கின்றன. பக்கத்தில் செட்டிகுளம். அதன் கரையில் ஒரு மேடையைக் காட்டி, தேசிங்கை எரித்த இடம் இது என்று ஊரார் சொல்வார்கள்.