பட்டறையும் பட்டமும் – பேராசிரியர் சதீஷ் தவன்

பெங்களூரு சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் ஏறி, எச்.ஏ.எல். தொழிற்சாலைக்குப் போய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் அங்கத்தினர்களில் பலர் இருப்பார்கள். அதே தொழிற்சாலையில் 1945-ஆம் ஆண்டுவாக்கில் பயிற்சிக்கு வந்து சேர்ந்த ஓர் இளைஞரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அப்போது சிவாஜிநகர் அடங்கிய கண்டோன்மென்ட் பகுதி ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. 1947-ல்தான் அது மைசூர் சமஸ்தானத்துக்குத் திரும்பியது.

அந்த இளைஞர் சதீஷ் தவன். 1920 செப்டம்பர் 25-ஆம் தேதி ஸ்ரீநகரில் பிறந்த பஞ்சாபி. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய பட்டங்களின் வரிசையைப் பார்த்தால் இக்காலத்துப் பெற்றோர் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். முதலில் கணிதமும் பௌதிகமும் எடுத்து பி.ஏ., அடுத்து ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ., அதன் பிறகு 1945-ல் மெக்கானிகல் என்ஜினீயரிங்கில் பி.ஈ. பையன் எதில் நிலைப்பான் என்று வீட்டில் கவலைப்பட்டிருந்தால் ஆச்சரியமில்லை. (பின்னாளில் இந்த மூன்றுமே அவருக்குப் பயன்பட்டன என்பது வேறு விஷயம்.)

படிப்பு முடிந்ததும் ஏறக்குறைய ஒரு வருடம் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் பயிற்சி. வால்சந்த் ஹீராசந்த் 1940 டிசம்பரில் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய அந்த நிறுவனம், யுத்த காலத்தில் அமெரிக்க விமானப் படையின் விமானங்களைப் பழுது பார்க்கும் பெரிய பட்டறையாக இருந்தது. ஊரின் மறுபக்கத்தில், பெங்களூர்வாசிகள் இன்றும் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் ஐ.ஐ.எஸ்.சி.யில், 1942-ல்தான் விமானப் பொறியியல் துறை ஆரம்பமாகியிருந்தது. விமானத்தைக் கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ள இங்கே இடமிருந்தது. அது ஏன் அப்படிப் பறக்கிறது என்று ஆழமாகப் படிக்க வெளிநாடு போயாக வேண்டிய நிலை.

1946-ல் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் அமெரிக்கா சென்றார். மின்னஸோட்டா பல்கலைக்கழகத்தில் 1947-ல் எம்.எஸ். அந்த வருடமே தேசம் பிரிந்தது. அவர் படித்த லாகூர் எல்லைக்கு அப்பால் போயிற்று; குடும்பம் இந்தியாவுக்குப் பெயர்ந்து வந்தது. புறப்பட்ட ஊருக்கே திரும்பிப் போக முடியாது என்ற நிலையில், கடல் தாண்டி உட்கார்ந்து பாடம் படிப்பது சாதாரண காரியமா? அவர் படிப்பை நிறுத்தவில்லை. கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் சேர்ந்து 1949-ல் ஏரோனாட்டிகல் என்ஜினீயர் பட்டமும், 1951-ல் ஹான்ஸ் லீப்மன் என்ற பேராசிரியரின் கீழ் டாக்டர் பட்டமும் பெற்றார்.

அவர் ஆராய்ந்த பொருளைக் கொஞ்சம் விளக்கலாம். விமானம் விரையும்போது காற்று அதன் மேல்தோலை உரசிப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த உரசலைப் பெரும்பாலும் மறைமுகமாகக் கணக்குப் போட்டே சொல்லி வந்தார்கள். தவன், சுவரின் ஒரு சிறு துண்டை மட்டும் சுற்றிலும் மெல்லிய இடைவெளி விட்டுத் தனியே தொங்கவிட்டு, காற்று அதை எவ்வளவு நகர்த்துகிறது என்று நேரடியாகவே அளந்தார். துண்டு நகரும் தூரமோ கண்ணுக்குத் தெரியாத அளவு. இப்படி ஒரு கருவியைச் செய்வதற்குக் கணிதம் மட்டும் போதாது, பட்டறைக் கை வேண்டும். அந்த ஒரு வருட எச்.ஏ.எல். வாசம் இங்கே கை கொடுத்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கால்டெக் பட்டத்தோடு அமெரிக்காவில் சௌகரியமாக இருந்திருக்கலாம். 1951-லேயே பெங்களூர் திரும்பி ஐ.ஐ.எஸ்.சி.யில் ஸீனியர் சயன்டிஃபிக் ஆபீஸராகச் சேர்ந்தார். ஒலியை மிஞ்சும் வேகத்துக் காற்றை உண்டாக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்றை அங்கே அமைத்தார். அதன் வாய் 1 அங்குலத்துக்கு 3 அங்குலம்தான்! 1955-ல் துறைத் தலைவர். 1962-ல், 42 வயதுகூட நிறையாத நிலையில், இன்ஸ்டிடியூட்டுக்கே டைரக்டர். 1981 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

1971 டிசம்பர் 30-ஆம் தேதி விக்ரம் சாராபாய் திடீரென்று காலமானபோது தவன் மறுபடியும் கால்டெக்கில் இருந்தார். விண்வெளித் திட்டத்தை ஏற்க வேண்டுமென்று பிரதமர் இந்திரா காந்தி அழைத்தார். பெரிய பதவி வருகிறதே என்று அவர் ஓடி வரவில்லை. ஐ.ஐ.எஸ்.சி. டைரக்டர் பொறுப்பை விடமாட்டேன், தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். ஏற்கப்பட்டது. அவர் வரும் வரை, 1972 செப்டம்பர் வரைக்கும், எம்.ஜி.கே. மேனன் பார்த்துக்கொண்டார். அதன் பின் ஒன்பது வருடம் ஒரே ஆள் கல்லூரிக்கும் ராக்கெட்டுக்கும் தலைவர். இஸ்ரோ பெங்களூருக்கு வந்ததும், பீன்யாவின் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் ஆரியபட்டா உருவாகி 1975 ஏப்ரல் 19-ல் மேலே போனதும் இந்தக் காலத்தில்தான். 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தபோது நிருபர்களை அவரே எதிர்கொண்டதும், 1980 ஜூலை 18-ல் வெற்றி கிட்டியபோது அப்துல் கலாமை முன்னே அனுப்பியதும் கலாம் மேடைதோறும் சொன்ன கதை; வாசகர்கள் அறிந்ததே.

வேலையில் இருந்துகொண்டே ஆராய்ச்சிப் பட்டம் படிக்க விரும்பும் பொறியாளர்களுக்கு ஐ.ஐ.எஸ்.சி.யில் வெளிப் பதிவு என்று ஒரு வழி உண்டு. விமானத் துறையிலும் விண்வெளித் துறையிலும் இருக்கும் நம் பிள்ளைகள் விசாரித்துப் பார்க்கலாம்.

1984-ல் இஸ்ரோவிலிருந்து ஓய்வு பெற்றார். ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிய பழவேற்காடு ஏரியின் பறவைகள் மீது அவருக்குத் தனி ஈடுபாடு. இறக்கை எப்படித் தூக்குகிறது, வலசை போகும்போது சக்தியை எப்படி மிச்சம் பிடிக்கிறது என்று ஆராய்ந்து 1991-ல் பறவைகளின் பறத்தலைப் பற்றியே ஒரு புத்தகம் வெளியிட்டார். 2002 ஜனவரி 3-ஆம் தேதி பெங்களூரில் காலமானார். அதே வருடம் செப்டம்பரில் அந்த ஏரிக்கரை ஏவுதளத்துக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது.