நாவலரவர்களும் நம்மவர் சமயநிலையும்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களது சரித்திரத்தைப் பேசுவோர் பெரும்பாலும் பாதிரிமாரோடு அவர் புரிந்த வாதத்தையே விரித்துரைப்பர். அவ்வாதம் அவருழைப்பில் ஒரு கூறேயாம். பாதிரிமாரை மறுத்தற்குச் சில நூல்கள் போதியனவாயின. சைவரென்று பெயர் பூண்டும் சைவத்தை அறியாதும் பேணாதும் இருந்த நம்மவரைத் திருத்துதற்கோ ஆயுண்முழுதும் போதாதாயிற்று.

அவர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ந் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய்ப் பிறந்தார். அக்காலத்திலே ஆங்கிலக் கல்வியின்றேல் துரைத்தனத்து உத்தியோகம் அரிது. மிசியோன் வித்தியாசாலையன்றேல் ஆங்கிலக் கல்வி அரிது. ஆதலின், பாடசாலையில் ஒரு சமயமும் வீட்டில் ஒரு சமயமுமாகப் பிள்ளைகள் வளர்தலைத் தந்தையர் பலர் குற்றமெனக் கருதிற்றிலர். இந்நிலை மிசியோனாருக்கும் உவப்பளித்ததன்று. 1823ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே தொடங்கிய செமினரியை அமெரிக்க மிசியோனார் 1855ஆம் ஆண்டு தாமே மூடினர். அது மெய்யன்பராகிய சமயப்பணியாளரினும் உத்தியோகம் விரும்புவோரையே மிகுதியாக ஆக்கிற்றென்பது அவர்கள் கண்ட முடிவு. வயிற்றின்பொருட்டு மேற்கொள்ளுஞ் சமயம் எவருக்குஞ் சமயமாகாதென்பதை இரு திறத்தாரும் ஒருங்கே கண்டனர் போலும்.

நாவலரவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிசியோன் பாடசாலையிலே கற்று, அங்கேயே உபாத்தியாயருமாயினார். பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் இவரே. அம்மொழிபெயர்ப்பைச் சென்னைக்குக் கொண்டுபோய் மழவை மகாலிங்கையரிடங் காட்டி, பிழையற்றதென்னும் மதிப்பும் பெற்றனர். பிறர் வேதத்தை வரிவரியாகக் கற்ற அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1854ஆம் ஆண்டு வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தை நோக்குவோர் அதனை நன்குணர்வர். மிசியோன் பாடசாலையிற் பயின்ற சைவரெல்லாரும் நாணுதற்குரியரென்று கூறுவாரும் நம்முள் உளர். அவர்கள் இதனையுஞ் சிறிது நினைத்தல் வேண்டும்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ந் தேதி வெள்ளிக்கிழமை இரவு, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அவர் சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினார். சகபாடியாகிய கார்த்திகேயஐயரும் அதற்குத் துணையாயினார். கோயிலிற் புராணப்படிப்புப் புதிதன்று. கேட்போரை நேர்நோக்கி, நீவிர் வழிபடுவது யாது, ஏன் வழிபடுகின்றீர் என உணர்த்தும் பிரசங்கமே புதிது. அம்முறையை அவர் பாதிரிமாரிடமே கண்டனர். அடுத்த ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, மிசியோன் உத்தியோகத்தையும் விட்டொழித்தார். சம்பளத்தைக் கூட்டித் தருவதாகப் பேர்சிவலார் கூறியும் இணங்கிலர் என்பர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறும் நிரம்பவில்லை; நிலையான வரவும் இல்லை. விவாகத்தையும் அவர் வேண்டிலர்.

1849ஆம் ஆண்டு சதாசிவப்பிள்ளையோடு இந்தியாவுக்குச் சென்று, திருவாவடுதுறை ஆதீனத்திலே நாவலரென்னும் பட்டம் பெற்று, அச்சியந்திரமும் வாங்கி வந்தார். பாலபாடங்களும், சைவவினாவிடைகளும், 1852ஆம் ஆண்டு பெரியபுராண வசனமும் அதன்பின் வெளிவந்தன. சிதம்பரத்திலும் 1864ஆம் ஆண்டு ஒரு வித்தியாசாலை எழுந்தது.

இனி, அவர் நம்மவரை நோக்கி எழுதியவற்றுள் 1872ஆம் ஆண்டு வெளிவந்த யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் பிரசுரம் தனித்து நோக்கத்தக்கது. திருவிழாவிற் கூட்டம் பெருகுதலைக் கண்டு சமயம் தழைத்ததென்று மகிழ அவர் ஒருப்படவில்லை. ஆட்டைப் பலியிடுதலையும், சந்நிதியிற் பொதுமகளிர் கூத்தையும், ஆகமவிதிக்கு மாறான கோயிற் கருமங்களையும் அவர் வன்மையாகக் கண்டித்தார். தாம் பிறந்த நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அக்கண்டனத்துக்குத் தப்பவில்லை. அதனாற் கோயிலதிகாரிகள் பலர் பகைவராயினர். சாதி வரம்பைத் தளர்த்த மாத்திரம் அவர் உடன்பட்டிலர். அப்பகுதியை நாம் இன்று பின்பற்றற்பாலதன்று, மறைத்தற்பாலதுமன்று.

அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் ஆங்கிலப் பாடசாலையொன்றுந் தொடங்கினார். திருநீற்றோடு ஆங்கிலமும் பெறலாம். இரண்டிலொன்றைக் கைவிடவேண்டியதில்லை என்பதை ஊரார்க்குக் காட்டுதலே கருத்து. பிரசங்கத்தைக் கேட்டுத் தலையசைத்த செல்வர் பொருள் கேட்டபோது பின்வாங்கினர். தம் புதல்வரை மிசியோன் பாடசாலைகளுக்கு அனுப்புதலையும் அவர்கள் ஒழிந்திலர். நான்கு ஆண்டு தளர்ந்து நடந்து, 1876ஆம் ஆண்டு அப்பாடசாலை மூடப்பட்டது. அதனை மூடியவர் பாதிரிமாரல்லர்.

இன்று சைவநெறி நம் பாடசாலைகளில் ஒரு பாடமாயிருக்கின்றது. அதன்பொருட்டு எவரும் உத்தியோகத்தைத் துறக்கவேண்டியதில்லை. பரீட்சையிலே நிறைந்த புள்ளி பெறும் மாணாக்கனிடம், அப்புள்ளியின் பின் நிற்பது யாதென்று நாம் வினாவுகின்றோமா? பெற்றோர் வினாவுகின்றனரா?

பாடசாலை மூடப்பட்டபின் அவர் சோர்ந்திருந்திலர். பஞ்சமும் பேதியும் வருத்திய 1877ஆம் ஆண்டிலே கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். 1879ஆம் ஆண்டு சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதனவர்களே தக்காரென ஊர்க்கூட்டத்திற் பேசினார். அவ்வாண்டு டிசம்பர் 5ந் தேதி, ஒரு வெள்ளிக்கிழமையிலே, சிவபதமடைந்தார்.

சைவபரிபாலன சபை 1888ஆம் ஆண்டு தோன்றிற்று. அதன் முயற்சியால் 1890ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே இந்துக் கல்லூரி நிலைபெற்றது. பதினான்கு ஆண்டுக்குமுன் மனமிரங்காத ஊரே இப்பொழுது பொருளுங் கொடுத்தது, பிள்ளைகளையும் அனுப்பியது.