செத்தும் கொடுத்த சீதக்காதி

ஈகைக்குப் பெயர் பெற்ற வள்ளல்கள் தமிழகத்தில் பலர் வாழ்ந்துள்ளனர். ஆனால், செத்தும் கொடுத்தவர் என்ற சிறப்பை மக்கள் நாவால் பெற்றவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஒருவரே.

ஷெய்கு அப்துல் காதிர் என்பது அவர்களின் இயற்பெயர். 17ஆம் நூற்றாண்டில் கடல் வாணிபத்தால் பெரும் பொருள் ஈட்டிய மரைக்காயர் குடும்பத்தில் தோன்றியவர்கள். இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உற்ற நண்பராகவும் விளங்கினார்கள். இன்றும் இராமநாதபுரத்திலுள்ள விளையாட்டரங்கம் சீதக்காதி, சேதுபதி இருவர் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது.

வள்ளல் அவர்களின் கொடைக்கு மத பேதம் இருந்ததில்லை. பஞ்ச காலத்தில் பசித்தோருக்கெல்லாம் அவர்கள் வீட்டில் உணவு கிடைத்தது. அந்த ஈகையைப் பாடிய படிக்காசுப் புலவர் சைவ நெறியினர்.

வள்ளல் மறைந்தபின், பரிசில் நாடி வந்த புலவர் ஒருவர் கப்ரின் அருகே நின்று அழுதாராம். கப்ரிலிருந்து கை வெளிவந்து மோதிரத்தை அளித்ததாம். இது மக்கள் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. ஆனால் அவர்கள் செத்தும் கொடுத்ததற்கு வரலாறே வேறொரு சான்று வைத்திருக்கிறது.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழில் காப்பியமாகக் காண வேண்டும் என்பது வள்ளலின் பேராவல். அப்பணியை உமறுப் புலவரிடம் ஒப்படைத்தார்கள். அரபு நூல்களிலுள்ள செய்திகளைப் புலவருக்கு எடுத்துரைக்க மார்க்க அறிஞர்கள் முன்வந்தனர். பொருள் கொடுத்தவர் ஒருவர். அறிவையும் நேரத்தையும் கொடுத்தவர்கள் வேறு சிலர். இரண்டும் கொடையே.

காப்பியம் முடியுமுன் வள்ளல் மறைந்துவிட்டார்கள். பணி நின்றுவிடவில்லை. பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பைத் தம் தோளில் ஏற்றார்கள். 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது. அதிலும் பாடப்படாமல் எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் சின்ன சீறாவாகப் பாடினார்கள். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் தொடர்ந்தமையால், வள்ளலின் கை கப்ருக்கு அப்பாலும் கொடுத்துக் கொண்டே இருந்தது. நிலையான தர்மமாகிய ஸதகத்துல் ஜாரியா என மார்க்கம் போற்றுவது இத்தகைய கொடையையன்றோ!

சகோதரர்களே! மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே ஊருக்கு உழைத்தவரையும் கொடுத்தவரையும் பாராட்டுவது நம் கடமை. கொடுப்பவர்தாம் முகஸ்துதியை அஞ்ச வேண்டும். ஆனால் பொன்னாடை போர்த்துவதோடு நம் பாராட்டு முடிந்துவிடலாகாது. மதரஸாவுக்குக் கிணறு வெட்டித் தந்தவர் மறைந்தபின் அக்கிணறு தூர்ந்து கிடந்தால், அவருக்கு எத்தனை விழா எடுத்து என்ன பயன்? அதைத் தூர்வாரும் இளைஞரே அந்த வள்ளலை உண்மையில் கண்ணியப்படுத்துபவர்.

கொடுத்தவர்களின் நற்பணிகளைத் தொடரும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.