முதல் கதாநாயகி மட்டுமல்ல, முதல் பெண் இயக்குநரும் இவர்தான்! டி.பி.ராஜலட்சுமியைத் தெரியுமா?

ஆழ்வார்திருநகரிக்குப் போயிருக்கீங்களா? நம்மாழ்வார் இருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளியை அங்கே இன்றும் பார்க்கலாம். பெருமாள் மீதான காதலைச் சொல்ல, பராங்குச நாயகி என்ற பெண்ணாகவே தன்னை நினைத்துப் பாடியவர் அவர். பெண்ணின் தவிப்பை ஆண் சொல்வது நமக்குப் பழகிய விஷயம்தான். சினிமாவிலும் ரொம்ப நாளா அப்படித்தான். ஆனால், தமிழ் சினிமா பேச ஆரம்பித்த ஐந்தே வருஷத்தில், பெண்ணின் கதையை ஒரு பெண்ணே படமாக்கிட்டாங்க. அவர்தான் டி.பி.ராஜலட்சுமி.

1911-ல் திருவையாறில் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம். வரதட்சணைப் பிரச்னையில் அந்த வாழ்க்கை சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. அப்பாவும் இறந்துவிட, குடும்பம் நடத்த நாடக மேடை ஏறினார். குடும்பப் பெண்கள் மேடை ஏறினாலே ஊர் ஏசிய காலம் அது. அவர் கண்டுக்கவே இல்லை.

1931-ல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்'. அதன் கதாநாயகி இவர்தான். ரசிகர்கள் 'சினிமா ராணி' என்று கொண்டாடினார்கள். அந்தப் புகழே போதும்னு இருந்திருக்கலாம். இருக்கலையே!

'கமலவல்லி' என்று ஒரு நாவல் எழுதினார். அதையே 1936-ல் 'மிஸ் கமலா'வாக எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு என எல்லாமே அவர்தான். மும்பையில் ஃபாத்மா பேகம் 1926-லேயே படம் இயக்கியிருந்தார். தென்னிந்தியாவில் ராஜலட்சுமிதான் முதல் பெண் இயக்குநர்.

கமலா ஒருவரைக் காதலிக்கிறாள். வீட்டில் வேறொருவருக்குக் கட்டிவைக்கிறார்கள். இன்னிக்கு இது பழைய கதை. ஆனால், விவரம் தெரியாத வயசிலேயே தாலி கட்டப்பட்ட ஒருத்தி, பெண்ணோட விருப்பத்தை யாராவது கேட்டீங்களான்னு திரையில் கேட்டது 1936-ல். அதை யோசிச்சுப் பாருங்க! தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். கொல்லப்பட இருந்த ஒரு பெண் சிசுவையும் எடுத்து வளர்த்தார். திரையில் கேட்ட கேள்விக்கு வீட்டிலும் பதில் சொன்னவர்.

1939-ல் 'மதுரை வீரன்' இயக்கினார். 1964-ல் மறைந்தார். 'மிஸ் கமலா'வின் பிரதி இன்று நமக்குக் கிடைக்கவில்லை. தமிழ்ப் பெண் இயக்குநரின் முதல் படத்தைப் பார்க்க முடியாதவங்க நாம.

அடுத்து சுதா கொங்கரா படமோ, ஹலிதா ஷமீம் படமோ பார்க்கும்போது, டைட்டிலில் இயக்குநர் பெயர் வருமில்லையா? அந்த இடத்துக்கு முதலில் வந்த பெயரையும் ஒரு நொடி நினைச்சுக்கோங்க.