சர் ஜான் வின்

சர் ஜான் வின் (1553 – மார்ச் 1, 1627) வட வேல்சைச் சேர்ந்த நிலக்கிழாரும் குடும்ப வரலாற்று ஆசிரியரும் ஆவார். கான்வி ஆற்றுப் பள்ளத்தாக்கில், லான்ருஸ்ட் ஊருக்கு அருகிலுள்ள குவிடிர் மாளிகை இவரது குடும்ப இருப்பிடமாகும். இவர் ஆக்சுபோர்டில் கல்வி கற்றபின் இலண்டனில் சட்டம் பயின்றார். 1580-ல் தந்தை மோரிசு வின் இறந்ததும் சொத்துக்கு உரிமையாளரானார். 1586-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1611-ல் பேரனெட் பட்டம் பெற்றார்.

நில உரிமை

பழைய வேல்சு மரபுப்படி தந்தையின் நிலம் மகன்கள் அனைவருக்கும் பிரிக்கப்பட்டது. எட்டாம் என்றியின் 1536, 1543 ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின் ஆங்கிலேய முறைப்படி மூத்த மகனே வாரிசானார். இதனால் விற்பனைப் பத்திரங்களும் குத்தகை ஆவணங்களும் முக்கியத்துவம் பெற்றன. சட்டம் அறிந்த வின் தமது நிலங்களை விரிவாக்கினார். ஆனால் அவற்றில் பயிரிட்ட குடியானவர்களுடன் பூசல்கள் எழுந்தன. அவர்களை ஒடுக்கியதாக 1615-ல் வேல்சு எல்லைப்புற மன்றத்தின் நடவடிக்கைக்கு உள்ளானார்.

குடும்ப வரலாறு

தம் குடும்பம் குவினெட் அரசர்களின் வழிவந்தது என நிறுவ இவர் எழுதிய நூல், இவர் இறந்து நெடுங்காலத்திற்குப் பின் 1770-ல் அச்சானது. முப்பாட்டனார் மெரெடித், உறவினர் பகையிலிருந்து விலகி டொல்விடெலன் கோட்டையின் குத்தகையைப் பெற்றதையும் அந்நூல் கூறுகிறது. குடும்பத்தின் கடிதங்களும் ஆவணங்களும் பெருமளவில் அபெரிசுட்வித்திலுள்ள வேல்சு தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.