ரண சிகிச்சை மேதை அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி

ஐரோப்பாவின் ரண வைத்தியர்கள் பல நூற்றாண்டுகள் தங்கள் ஆசானாகக் கொண்டாடிய அல்புகாஸிஸ் என்பவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெயரைக் கேட்டால் யாரோ ஒரு லத்தீன் பண்டிதர் என்றே தோன்றும். ஆனால் அவர் அந்தலூஸ் நாட்டு முஸ்லிம் ஹக்கீமான அபுல் காஸிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவிதாம்.

ஸ்பெயினை ஆண்ட கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான், 936-ஆம் ஆண்டு வாக்கில் குர்துபாவுக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ரா என்னும் அரண்மனை நகரை எழுப்பத் தொடங்கினார். அந்த ஊரின் பெயரே நம் ஹக்கீமின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய பெற்றோரைப் பற்றியும் இளமையைப் பற்றியும் வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தது மிகச் சொற்பம். ஆயினும் அவர் எப்படிப்பட்டவர் என்பதை அவர் இயற்றிய கிரந்தமே நமக்குத் தெரிவிக்கிறது.

கிதாபுத் தஸ்ரீஃப் என்னும் அந்நூல் 30 பாகங்கள் கொண்டது. சுமார் 1000-ஆம் ஆண்டில் முற்றுப் பெற்றது. அதன் கடைசிப் பாகம் முழுவதும் ரண சிகிச்சை. சூடு போடுதல் ஒரு பகுதி. அறுத்தலும் தைத்தலும் ஒரு பகுதி. எலும்பு முறிவும் மூட்டுப் பிசகும் ஒரு பகுதி. கத்தி, கொக்கி, ஊசி, இடுக்கி, ரம்பம் என்று ஏறக்குறைய 200 கருவிகளைப் படம் வரைந்து, ஒவ்வொன்றின் உபயோகத்தையும் விளக்கியுள்ளார். ஆடும் பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையும் அதில் உண்டு.

ஒரு சமயம் அடிமைப் பெண் ஒருத்தி தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டாள். அஸ்ஸஹ்ராவி அழைக்கப்பட்டார். காயத்தின் வழியே மூச்சு வெளியேறிக் கொண்டிருந்தது. பெரிய இரத்தக் குழாய்கள் அறுபடவில்லை என்பதை முதலில் நிச்சயப்படுத்திக் கொண்டு, உடனே காயத்தைத் தைத்தார். சில நாட்களில் அவள் குணமடைந்தாள்; குரல் கரகரத்ததைத் தவிர வேறு குறையில்லை.

கைகூடிய சிகிச்சைகளை மட்டும் எழுதி அவர் நிறுத்தவில்லை. உடற்கூறு அறியாத ஒருவர், ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப் போய் நாடியை வெட்டிவிட, அவள் அங்கேயே மாண்டாள். மற்றொருவர் ஒரு முதியவரின் கல்லை எடுக்கையில் மூத்திரப்பையையும் கிழித்து அவர் உயிரைப் போக்கினார். இவற்றையெல்லாம் எழுதிய அஸ்ஸஹ்ராவி, உடற்கூற்றைக் கல்லாமல் கத்தியைத் தொடலாகாது என்றும், பண ஆசையால் தீராத நோயைத் தீர்ப்பதாக ஏற்றுக்கொள்ளலாகாது என்றும் தம் மாணாக்கர்களைக் கண்டித்துக் கூறினார்.

1010-ஆம் ஆண்டை ஒட்டிய உள்நாட்டுப் போரில் மதீனத்துஸ் ஸஹ்ரா சூறையாடப்பட்டு அழிந்தது. அவரும் 1013-ஆம் ஆண்டு வாக்கில் காலமானார் என்பர். ஊர் போயிற்று, கிரந்தம் பிழைத்தது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஊர் ஜெரார்டு ரண சிகிச்சைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். கிறிஸ்தவ ஐரோப்பாவில் அந்நாளில் கற்றவர்களில் மிகப் பலர் பாதிரிமார். உயர்நிலைப் பாதிரிமார் அறுத்தலும் சூடு போடுதலுமான வைத்தியம் செய்யலாகாதென்று 1215-ஆம் ஆண்டின் லாத்தரன் சங்கம் விலக்கிவிட்டது. நாவிதர் முதலியோர் அத்தொழிலைப் பெரிதும் செய்துவந்த காலத்தில், அதை ஒரு கல்வியாக நிலைநிறுத்த முயன்றவர்களுக்கு இந்நூல் கைகொடுத்தது. போப்பாண்டவர்களின் வைத்தியரான கீ த ஷோலியாக் 1363-இல் எழுதிய பெருநூலில் அஸ்ஸஹ்ராவியைத் திரும்பத் திரும்ப ஆதாரம் காட்டுகிறார். 1497-இல் வெனிஸ் நகரில் லத்தீன் நூல் அச்சேறியது. 1778-இல் ஆக்ஸ்போர்டில் அரபு மூலமும் அச்சாயிற்று.

வியாபாரிகளாகிய நாம் இவரிடம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை மறைக்கும் கணக்குப் புத்தகம் பின் வருவோருக்கு உதவாது. அஸ்ஸஹ்ராவி பிழைத்தவர் கணக்கோடு மாண்டவர் கணக்கையும் எழுதி, தொழில் நுட்பத்தை ஒளிக்காமல் மாணாக்கர் கையில் கொடுத்துச் சென்றார். அதனால்தான் முகம் அறியாத எத்தனையோ நாட்டினர், வேறு மதத்தினர், அவர் கல்வியால் உயிர் பிழைத்தனர்.